பெங்களூருக்குக் குடிவருகிறீர்களா? தமிழே போதும் என்று இருந்துவிடாதீர்கள்

சேலமோ மதுரையோ நெல்லையோ, எங்கிருந்து பெங்களூருக்கு வேலை மாறினாலும் கிளம்பும்போது எல்லாரும் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: "அங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும், கவலைப்படாத." பொய்யில்லை. காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பிளம்பர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று பாதிப் பேரிடம் தமிழிலேயே காரியம் ஆகிவிடும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மொழி தேவைப்படாததால் தெரு பழகாது. தெரு பழகாததால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஊருக்கு பஸ் ஏறத் தோன்றும். பத்து வருஷம் இருந்தும் இந்த ஊரில் விருந்தாளியாகவே இருக்கிற தமிழர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகாமல் இருக்க, வந்த நாளிலிருந்து எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதுதான் இங்கே.

முதலில் ஆபீஸ், அப்புறம் வீடு

சென்னையில் "வேளச்சேரியில் சித்தி இருக்காங்க, அங்கேயே பார்த்துக்கலாம்" என்று வீடு எடுப்போம். பெங்களூரில் சொந்தக்காரர் இருக்கும் ஏரியாவில் வீடு எடுத்தால் ரோட்டிலேயே வாழ்க்கை போய்விடும். இந்த ஊரில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, நேரத்தில்தான் சொல்வார்கள். பெல்லந்தூரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ராஜாஜிநகரில் குடியிருப்பவருக்கு அக்கம்பக்கம் யார் என்று தெரிய வாய்ப்பே இல்லை. அவர் வீட்டுக்கு வருவது தூங்கத்தான்.

எனவே ஆபீஸிலிருந்து கோடு போடுங்கள். மெட்ரோ பாதையில் அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஊதா நிறப் பாதை ஒயிட்ஃபீல்டிலிருந்து, ஊருக்கு நடுவே பெரிய பஸ் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக் வழியாக மேற்கே சல்லகட்டா வரை போகிறது. பச்சைப் பாதை வடக்கே மாதாவரா, தெற்கே சில்க் இன்ஸ்டிட்யூட். இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை ஜெயநகரை ஒட்டிய ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தவர்கள் இனி ஜெயநகர் பக்கமும் தைரியமாக வீடு தேடலாம். அதற்கு முன்பு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

முதல் ஒரு மாதம் பி.ஜி.யில் தங்குங்கள். போட்டோ பார்த்து ஊரிலிருந்தே வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஒரு நாள், மழை பெய்த சாயங்காலம் ஒரு நாள், ஆபீஸிலிருந்து அந்தத் தெருவுக்குப் போய் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்டில் தொங்கும் டூ-லெட் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகையும் மிச்சம், ஏரியாவும் பழகும்.

அட்வான்ஸ், பெயிண்டிங், லீஸ்

ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது இங்கே எழுதாத சட்டம். இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது. பேசினால் இன்னும் இறங்கும், கூச்சப்படாமல் பேசுங்கள். ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதத்துக்குப் போடுவார்கள். அதில் இரண்டு வரிகளை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள்: காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் (ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம்), வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள். குடிபோகிற அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அது இங்கே 'லீஸ்'. மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் விட்டால், நீங்கள் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க நாயாய் அலைய வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல், ஓனரை நேரில் பார்க்காமல், இடைத்தரகர் கையில் லீஸ் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காவேரியா, போர்வெல்லா?

வீடு பார்க்கும்போது பால்கனியைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரும் காவிரி நீர் பழைய பெங்களூருக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. வெளி ஏரியாக்கள் பல ஆண்டுகளாக போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே இருந்தன. 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது எந்தத் தெருவில் காவேரி குழாய் இருக்கிறது என்பது வாடகையைத் தீர்மானிக்கிற விஷயமாகவே ஆகிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான திட்டம் அது. திட்டம் வந்துவிட்டது என்பதும் உங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

ஓனரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல சார்" என்பார். கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். காவேரி என்னென்ன கிழமை வருகிறது, சம்ப் எவ்வளவு பெரியது, கோடையில் டேங்கர் பணம் யார் தருவது, மோட்டார் யார் போடுவது என்று நான்கு கேள்வி போதும். பாத்ரூம் குழாயில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் அது போர்வெல் தண்ணீர். குடிக்க, தெருமுனையில் இருக்கும் சுத்திகரிப்புக் கூடத்துக்கு இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போய், காசு போட்டுப் பிடித்துவரலாம். அங்கே வரிசையில் நிற்கிற பத்து நிமிஷத்தில் தெருக்காரர்கள் இரண்டு பேராவது பழக்கமாவார்கள். எனக்கு அப்படித்தான் நல்ல எலக்ட்ரீஷியன் கிடைத்தார்.

மெயினும் கிராஸும்

முகவரியைப் பார்த்துப் புதியவர்கள் முழிப்பார்கள்: "எண் 46, 5வது மெயின், 12வது கிராஸ், 2வது ஸ்டேஜ்." தெருவுக்குப் பெயரே இல்லையா? பெரும்பாலும் இல்லை. ஒரு லேஅவுட்டில் ஒரு திசையில் ஓடும் சாலைகள் மெயின், அவற்றைக் குறுக்கே வெட்டுபவை கிராஸ். 11க்கும் 12க்கும் நடுவே 11ஏ முளைத்திருக்கும். 7வது கிராஸ் ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒன்று உண்டு. ஆகவே ஆட்டோவில் ஏறி "செவன்த் கிராஸ்" என்று மட்டும் சொன்னால் அவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். லேஅவுட், பிளாக் அல்லது ஸ்டேஜ், அப்புறம் ஒரு கோயிலோ பேக்கரியோ அடையாளம், இந்த மூன்றும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து வாருங்கள். பால் பூத், மருந்துக்கடை, தள்ளுவண்டிக் காய்கறி, தையல்காரர், இரவு பத்துக்கும் திறந்திருக்கும் பேக்கரி எல்லாம் எங்கே என்று மனதில் பதியவேண்டும். பெங்களூர் அய்யங்கார் பேக்கரிகளில் மாலை நேரத்தில் காரா பன்னும் தேங்காய் பன்னும் சூடாக வரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற நம் வழக்கத்துக்கு இங்கே கிடைக்கும் மாற்று அந்த பேக்கரி வாசல்தான்.

பஸ், ஆட்டோ

பி.எம்.டி.சி. என்னும் நகரப் பஸ்ஸில் ஏறும்போது ஒரு விஷயம்: சென்னையில் பெண்கள் இடதுபக்கம் உட்காருவார்கள், இங்கே முன்பாதி அவர்களுக்கு. இது தெரியாமல் முன்வாசலில் ஏறும் ஆண்களைக் கண்டக்டர் பின்னால் அனுப்புவார். 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் பெண்களுக்கு ஏ.சி. இல்லாத சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்டவேண்டும். ஆதாரில் முகவரி மாற்ற இதுவே போதுமான காரணம். ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 என்பது அரசு நிர்ணயித்த கட்டணம். இரவு பத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. மீட்டர் போடுவார்களா என்று கேட்காதீர்கள். பேரம் பேச ஒரு கணக்கு கையில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கன்னடம், முதல் மாதத்திலேயே

மூன்று மாதம் தள்ளிப்போட்டால் அப்புறம் வராது. உங்களைத் தமிழ் பேசுபவர் என்று தெருவே முடிவு செய்துவிடும், எல்லாரும் தமிழிலேயே பேசிவிடுவார்கள். அதனால் முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள். நமக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு சுலபம். தமிழில் 'ப'வில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் 'ஹ'வில் வரும்: பால் ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு. 'வ'வில் தொடங்குபவை பல 'ப'வுக்குப் போகும்: வெல்லம் பெல்லா, வீதி பீதி, வா என்பது பா. இந்த இரண்டு வழக்கத்தையும் பிடித்துக்கொண்டால் பஸ்ஸில் பின்னால் பேசுவது பாதி புரியத் தொடங்கும்.

கடைக்குத் தேவையானது கொஞ்சம்தான். எஷ்டு (எவ்வளவு), பேக்கு (வேண்டும்), பேடா (வேண்டாம்), ஸாக்கு (போதும்), கொடி (கொடுங்கள்), இல்லி நில்லிஸி (இங்கே நிறுத்துங்கள்). இவற்றோடு 'ஸ்வல்ப' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் என்று அர்த்தம், எந்தக் கோரிக்கைக்கு முன்னாலும் போடலாம். மரியாதை முக்கியம். 'பா', 'கொடு' என்பது ஒருமை. 'பன்னி' (banni, வாருங்கள்), 'கொடி' என்றே பழகுங்கள். ஆட்டோக்காரரை 'அண்ணா' என்றும் பூக்காரம்மாவை 'அக்கா' என்றும் கூப்பிடலாம், அது இரண்டு மொழிக்கும் பொது.

பூக்கடையில் நடக்கிற ஒரு பேச்சு இது:

"அக்கா, மல்லிகெ எஷ்டு?"

"மொளக்கெ ஐவத்து." (முழம் ஐம்பது.)

"ஸ்வல்ப கம்மி மாடி." (கொஞ்சம் குறையுங்கள்.)

அக்கா நிமிர்ந்து பார்ப்பார். உங்கள் 'ழ'கர வாசம் வீசும் கன்னடம் காட்டிக்கொடுத்துவிடும். "தமிழா? எந்த ஊரு?" என்று தமிழிலேயே கேட்பார். அங்கேதான் உஷாராக இருக்கவேண்டும். ஊரைச் சொல்லுங்கள், ஆனால் கன்னடத்திலேயே தொடருங்கள். சிரிப்பார், திருத்துவார், அடுத்த நாள் முழத்தை ஒரு விரற்கடை கூட்டி அளப்பார். தமிழில் பேசியிருந்தால் நீங்கள் இன்னொரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

எழுத்தும் படித்துவிடுங்கள். பஸ்ஸில் போர்டு பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். எண்ணை வைத்துச் சமாளிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் போகிற வழியில் கடைப்பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிப்பது டிராபிக்கில் நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிப்பார்கள், அவர்களோடு சேர்ந்தே நீங்களும் எழுதிப் பழகலாம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருவது மட்டும் வீட்டு வேலையாகிவிடும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

சாம்பார் இனிக்கும்

இனிக்கத்தான் செய்யும். வெல்லம் போடுவார்கள். "இது சாம்பாரா?" என்று ஓட்டலில் முகம் சுளிப்பதை முதல் மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த ஊர் தர்ஷினிகளில் முதலில் கவுண்டரில் காசு கட்டி டோக்கன் வாங்கி, அதைத் தட்டு எடுக்கும் இடத்தில் கொடுத்து, நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். காலையில் தட்டே இட்லி, காரா பாத் (நம் ரவை உப்புமாதான்). கேசரியும் உப்புமாவும் ஒரே தட்டில் வந்தால் அதற்குப் பெயர் சௌசௌ பாத், சௌசௌ காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பேர் ஒரு காபியைப் பிரித்துக் குடிக்க "பை டூ" என்றால் போதும், இரண்டு தம்ளரில் வரும், யாரும் கஞ்சத்தனம் என்று நினைக்கமாட்டார்கள்.

மார்கழிக் குளிரில் சந்தை முழுக்க அவரேக்காய் (பச்சை மொச்சை) வாசம் அடிக்கும். உரித்த பருப்பைத் தனியாக விற்பார்கள். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் "அவரேக்காய் சாரு எப்படி வைக்கிறது?" என்று கேளுங்கள். சமையல் குறிப்போடு ஒரு கிண்ணம் சாரும் வரும். வீட்டுக்கு நம் ஊர்ச் சாம்பார்ப் பொடி, இட்லி அரிசி எல்லாம் சிவாஜிநகர், அல்சூர் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், மூட்டை கட்டி வரவேண்டியதில்லை.

அக்கம்பக்கம்

பால் காய்ச்சும் அன்று மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டைக் கூப்பிடுங்கள். குப்பையை முதல் நாளிலிருந்தே ஈரம், உலர் என்று பிரித்து வையுங்கள். காலையில் குப்பை ஆட்டோ வரும்போது கலந்து கொடுத்தால் வாங்கமாட்டார்கள், தெருவே பார்க்கும். புதுக் குடித்தனக்காரரைத் தெரு எடைபோடுவது இதில்தான்.

பிறகு பண்டிகைகள். நமக்குப் பொங்கல், அவர்களுக்கு அதே நாள் சங்கராந்தி. எள்ளு, பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு-பெல்லாவை, ஒரு துண்டு கரும்பும் சர்க்கரை அச்சும் வைத்து, பெண்களும் குழந்தைகளும் வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதாகப் பேசுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்காமல் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுங்கள். இதற்காகவே முதல் வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருக்கலாம் என்பேன். அம்மா கோபித்துக்கொண்டால் அம்மாவை இங்கே வரச்சொல்லுங்கள். கர்நாடகம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் பையன்கள் வசூலுக்கு வருவார்கள், முகம் கோணாமல் கொடுத்துவிட்டு சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா பார்க்கவும் போங்கள். கன்னட நாட்காட்டியின் கார்த்திக மாதக் கடைசித் திங்கள் பசவனகுடி பெரிய நந்தி கோயிலில் கடலேக்காய் பரிஷே என்னும் வேர்க்கடலைத் திருவிழா, தெரு நிறைய வேர்க்கடலை குவித்திருப்பார்கள்.

தமிழை எங்கே வைத்துக்கொள்வது

விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ் இங்கே வந்தேறியும் அல்ல. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே போய்ப் பார்த்துவரலாம். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மெண்ட் என்னும் ராணுவக் குடியிருப்பைச் சுற்றி வந்து குடியேறியவர்களில் தமிழர் ஏராளம். அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகரில் இன்றும் தெருவில் தமிழ் கேட்பது அதனால்தான். அல்சூர் ஏரிக்கருகே 1950இல் தொடங்கிய பெங்களூர் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை அங்கே போங்கள். வாராவாரம் தமிழர் கூட்டத்துக்குள்ளேயே இருந்தால் ஊர் பழகாது, ஒரு முறையும் போகாவிட்டால் நாக்கு வறண்டுவிடும்.

அதே ஏரிக்கரையில்தான் திருவள்ளுவர் சிலை. 1991இல் வைக்கப்பட்டு, எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காவிரி விவகாரம் கிளம்பும் நாட்களில் இந்த ஊரின் முகம் கொஞ்சம் மாறும். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம், வருகிறபோது பந்த் அறிவிப்பைப் பார்த்து வண்டியை உள்ளே விட்டுவிட்டு, டீக்கடையில் நீர்ப்பங்கீட்டுக் கணக்குப் பேசாமல் வீட்டில் இருந்தால் போதும். தெருக்காரர்கள் பழக்கமாக இருந்தால் "இன்னைக்கு வெளிய போகாதீங்க சார்" என்று முதலில் வந்து சொல்வதும் அவர்கள்தான்.

காகித வேலைகள்

ஆதார் முகவரியை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைத் தொற்றிக்கொண்டு வரும். வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றப் படிவம் 8. மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லாத கிருஹ ஜோதி திட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், முன்பு இருந்தவரின் ஆதார் அந்த மீட்டரிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ரயிலில் டிக்கெட் போடும்போது நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள். மெஜஸ்டிக் எதிரே இருப்பது கே.எஸ்.ஆர்.; அதுபோக கண்டோன்மெண்ட், யஷ்வந்த்பூர், 2022இல் திறந்த எஸ்.எம்.வி.டி. என்று தனித்தனி. மதுரை, கோவை வந்தே பாரத் இரண்டும் கண்டோன்மெண்டிலிருந்து. எஸ்.எம்.வி.டி. பையப்பனஹள்ளிப் பக்கம் என்றாலும் மெட்ரோவில் இறங்கிப் பெட்டியோடு நடக்கிற தூரமில்லை.

கடைசியாக வண்டி. டி.என். பதிவெண் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இங்கே ஆர்.டி.ஓ. செக்கிங் அடிக்கடி உண்டு. ஊரில் பதிவு செய்த ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுள் வரி கட்டவேண்டும். வரி கனமாக இருக்கும். பழைய வண்டியாக இருந்தால் ஊரிலேயே விற்றுவிட்டு இங்கே ஒன்று வாங்குவது லாபமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். கொண்டுவருவதென்றால், மறுபதிவு ஆனதும் தமிழ்நாட்டில் மீதிக் காலத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு மனுப் போட மறக்காதீர்கள். பலர் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.